‘இல்லை’ என்பதைக் கண் காணுமா?

மைசூரு தேவராஜ மார்க்கெட்டில் வாழைப்பழக் கடைகள் இருக்கும் வரிசையில் போய் நின்று, ‘நஞ்சனகூடு ரசபாளெ இருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான நாள்களில் ஒரே பதில்தான் வரும்: ‘இல்ல.’ வாடல் நோய் அந்தப் பழத்தை அவ்வளவு அரிதாக்கிவிட்டது. கடைக்காரர் எழுந்து தேட மாட்டார். தார்கள் தொங்கும் கயிற்றை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், சொல்லிவிடுவார்.

அந்த ஒரு கணத்தில் அவர் கண் எதைப் பார்த்தது? ஏலக்கித் தார், பச்சைப்பழத் தார், கயிறு, பின்னால் சுவர். ‘ரசபாளெயின் இன்மை’ என்று ஒன்று அங்கே தொங்கவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊகம் செய்யவில்லை, தயங்கவில்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று அறிந்தார். எப்படி?

நாத்திகமும் ஒரு நம்பிக்கைதானா என்ற கேள்வியை நான் முதலில் கேட்டது கல்லூரி விடுதியில். அன்று முதல் அந்த வாதம் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. ஒரு கட்சி சொல்லும்: கடவுள் உண்டு என்பதற்கு நிரூபணம் இல்லை என்றால், இல்லை என்பதற்கும்தான் இல்லை, ஆகவே இரண்டும் நம்பிக்கை. மறு கட்சி சொல்லும்: காபி குடிக்காதவனைப் பார்த்து, நீ எந்த வகைக் காபியைக் குடிக்காமல் இருக்கிறாய் என்று யாராவது கேட்பார்களா? இல்லாமை ஒரு வகை இருப்பு ஆகாது. இரவு இரண்டு மணி வரை பேசிவிட்டு இரு கட்சியும் தூங்கப் போகும். பழக் கடைக்காரரின் அந்த ஒரு பார்வைக்குள் என்ன நடக்கிறது என்பதை இருவருமே கவனித்ததில்லை. நம் நாட்டுத் தருக்க நூலோர் கவனித்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதைப் பற்றிச் சண்டையும் போட்டார்கள்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். பாணினியின் இலக்கணத்தில் நான்காம் அத்தியாயம், நான்காம் பாதம், அறுபதாம் சூத்திரம் ‘நாஸ்திகன்’ என்ற சொல் எப்படிப் பிறக்கிறது என்று காட்டுகிறது. ‘உண்டு’ என்பதை மதியாகக் கொண்டவன் ஆஸ்திகன். ‘இல்லை’ என்பதை மதியாகக் கொண்டவன் நாஸ்திகன். எல்லாம் விதித்தபடி என்று கொண்டவன் தைஷ்டிகன். எது உண்டு, எது இல்லை என்று சூத்திரம் சொல்லவில்லை; உரைகாரர்கள் மறுவுலகம் என்று நிரப்பினார்கள். வேதத்தைப் பழிப்பவன் என்ற பொருளும் கடவுளை மறுப்பவன் என்ற பொருளும் வேறு வேறு வழிகளில் வந்து ஒட்டிக்கொண்டன. நான் இங்கே பிடித்துக்கொள்வது ‘மதி’ என்ற சொல்லை. பாணினியின் கணக்கில் நாஸ்திகன் மதி இல்லாதவன் அல்லன். அவனுக்கும் ஒரு முடிவு உண்டு. அந்த முடிவின் உள்ளடக்கம் ‘இல்லை’ என்பது. பசுவுக்கும் பாறைக்கும் கடவுள் நம்பிக்கை இல்லை. அவை நாஸ்திகம் பேசுவன அல்ல.

மதி என்ற சொல்லுக்கும் மதம் என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே. இரண்டுக்கும் அடியில் இருப்பது எண்ணுதல். இன்று நாம் ‘ரிலிஜன்’ என்ற பொருளில் வழங்கும் மதம், பழைய தமிழில் கருத்து, கொள்கை என்றே வழங்கியது. நன்னூல் படித்த யாருக்கும் எழுவகை மதம் நினைவிருக்கும்: உடன்படல் முதலாவது, மறுத்தல் இரண்டாவது. மறுப்பதும் ஒரு மதம் என்று பவணந்தி முனிவர் எழுதிவைத்திருக்கிறார்! அவரை ஆதரித்த சீயகங்கன், மைசூருக்குப் பக்கத்திலிருக்கும் தலைக்காட்டைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட கங்கர் மரபில் வந்தவன் என்று கொள்வார்கள். முனிவரோ சமணர், உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதை ஏற்காத சமயத்தில் துறவு பூண்டவர்.

சைவர்களும் இதே வழியில்தான் எண்ணினார்கள். அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம், மறுவுலகத்தை மறுக்கும் உலகாயதனின் வாதத்தைக் கூறி மறுப்பதில்தான் தொடங்குகிறது. சைவ சித்தாந்தத்தின் சமயப் பட்டியலில் உலகாயதம் புறப்புறச் சமயங்களில் ஒன்று. வெகுதூரத்தில் வைத்தார்கள், ஆனால் பட்டியலுக்குள் வைத்தார்கள். அந்த மரபில் நின்று கேட்டால், நாத்திகம் ஒரு மதமா என்ற கேள்விக்கு ‘ஆம், அதிலென்ன?’ என்றுதான் விடை வரும். இன்றைய காதில் அது வசவுபோல் ஒலிப்பதற்குக் காரணம், மதம் என்ற சொல் கருத்திலிருந்து நகர்ந்து பக்தியையும் சடங்கையும் சாதிச் சான்றிதழையும் சுமக்கத் தொடங்கியதுதான்.

ஆனால் ஒரு முடிவு என்பதாலேயே அது நம்பிக்கை ஆகிவிடாது. ரசபாளெ இல்லை என்பதும் ஒரு முடிவுதான். அதை யாரும் நம்பிக்கை என்பதில்லை. அறிவு என்கிறோம். இங்கேதான் அபாவம், அதாவது இன்மை, வருகிறது.

மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய்க் கேட்கும் காதையில், வைதிக அளவைவாதி அறிவுக்கு வழிகள் பத்து என்று அடுக்குவான். காண்டல், கருதல் என்று போகும் அந்தப் பட்டியலில் அபாவமும் ஒன்று. ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிவது காண்டலில் அடங்காது, கருதலிலும் அடங்காது, அது தனி வழி என்பது அந்தக் கட்சி. 7ஆம் நூற்றாண்டு மீமாம்சகர் குமாரிலரும் அத்வைதிகளும் இதையே சொன்னார்கள். நியாய நூலார் ஒப்பவில்லை: இன்மையும் உலகில் உள்ள ஒரு பொருள்தான், அதைக் கண்ணே காண்கிறது என்றார்கள். மீமாம்சகர்களிலேயே பிரபாகரர் வழியினர் இரண்டையும் மறுத்தார்கள்: தரையில் குடம் இல்லை என்று நீ காண்பதாகச் சொல்வது வெறும் தரையைக் கண்டதுதான், வேறொன்றும் இல்லை. இப்படித் தரையையும் குடத்தையும் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வாதிட்டவர்களை நினைத்தால் எனக்கு மெய்யாகவே வணங்கத் தோன்றுகிறது.

அந்த வாதத்தில் விளைந்த ஒரு நிபந்தனை, நம் கேள்வியின் பூட்டைத் திறக்கிறது. காணவில்லை என்பதாலேயே ஒன்று இல்லை என்று ஆகாது. ‘இருந்திருந்தால் கண்டிருப்பேன்’ என்று சொல்லத்தக்க பொருளாக அது இருக்க வேண்டும். இதை யோக்கிய அனுபலப்தி என்பார்கள். தகுதியுடைய காணாமை என்று வைத்துக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்தில், கண் நல்ல நிலையில் இருக்க, கயிற்றில் தார் தெரியவில்லை என்றால் தார் இல்லை. அதே கயிற்றில் கிருமி தெரியவில்லை என்றால் கிருமி இல்லை என்று சொல்ல முடியாது.

ஆகவே கடவுள் இல்லை என்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கடவுள் என்பதை. நீருக்கு மேல் நடப்பேன், மூடிய உறைக்குள் இருக்கும் ரூபாய்த் தாளின் எண்ணைத் தெய்வ சக்தியால் படிப்பேன் என்று ஒருவர் சொன்னால், அது இருந்திருந்தால் தெரியத்தக்க சக்தி. திருவல்லாவில் பிறந்து இலங்கையில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர் பிடித்தது இந்தப் புள்ளியை. ஏமாற்ற வழியில்லாத சூழலில் செய்துகாட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வாங்கவில்லை. அங்கே அவர் சொன்ன ‘இல்லை’யில் நம்பிக்கை கலக்கவே இல்லை, பழக் கடைக்காரரின் ‘இல்ல’வும் அதுவும் ஒரே இனம்.

காலத்துக்கும் இடத்துக்கும் அப்பால் நிற்பவர், கண்ணுக்கும் கருத்துக்கும் எட்டாதவர் என்று வரையறுக்கப்பட்ட கடவுளிடம் இந்த வழி செல்லாது. தகுதியுடைய காணாமை அங்கே அமையவே அமையாது. அவரை இல்லை என்பவர் காண்டலை விட்டுக் கருதலுக்குப் போகிறார்: உலகின் துன்பத்தைக் காட்டுகிறார், உலகை விளக்க அவர் தேவைப்படவில்லை என்கிறார். அவை நல்ல வாதங்களாக இருக்கலாம். நான் அப்படித்தான் எண்ணுகிறேன். ஆனாலும் அவை வாதங்கள். காட்சியின் உறுதியை அவற்றுக்குக் கொடுப்பவர், தன் கையில் இருப்பதற்கு மேல் செலவு செய்கிறார். அந்த அதிகச் செலவுக்கு நம்பிக்கை என்று பெயர் வைத்தால் நான் மறுக்க மாட்டேன்.

மூன்றாவதாக ஒரு ‘இல்லை’ உண்டு. இங்கிலாந்தின் சார்லஸ் பிராட்லா, கடவுள் இல்லை என்று தாம் சொல்லவே இல்லை என்றார். கடவுள் என்ற சொல்லால் நீங்கள் எதைக் குறிக்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை, விளங்காத ஒன்றை நான் மறுக்கவும் முடியாது என்பது அவர் நிலை. 1878 முதல் பத்தாண்டு இயங்கி, ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழை நடத்திய சென்னை இலௌகிக சங்கத்தாருக்கு அவர் ஆதர்சம்.

தருக்க நூல்கள் இன்மையை நான்காகப் பிரிப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். குடம் வனையப்படுவதற்கு முன் இருப்பது முன்னபாவம், உடைந்த பின் வருவது அழிவுபாட்டபாவம், குடம் துணியல்ல என்பது ஒன்றினொன்றபாவம், முயற்கொம்பு போல எக்காலத்தும் இல்லாதது என்றுமபாவம். கடவுள் இறந்துவிட்டார் என்று 1882இல் நீட்சே எழுதியது அழிவுபாட்டபாவம். கல் கடவுளல்ல என்ற சித்தர் குரல் ஒன்றினொன்றபாவம். இரண்டையும் என்றுமபாவத்தோடு சேர்த்து நாத்திகம் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம்.

இதையெல்லாம் மைசூரில் இருந்துகொண்டு எண்ணுவதற்கு ஒரு தனிக் காரணம் எனக்கு உண்டு. 1891இல் தொடங்கிய இங்குள்ள கீழ்த்திசை நூலகத்தில், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கொடுத்த கிரந்த எழுத்து ஓலைச் சுவடியிலிருந்துதான் 1905இல் ருத்ரபட்ண சாமசாஸ்திரி கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தைக் கண்டெடுத்தார். 1909இல் அச்சானது. அரசியல், வரி, ஒற்றர் என்று எல்லோரும் அந்த நூலைப் பேசுகிறார்கள். அதன் தொடக்கத்திலேயே கௌடில்யர், ஆராய்ந்து அறியும் கலையான ஆன்வீக்ஷிகியைச் சொல்லி, அது மூன்று என்கிறார்: சாங்கியம், யோகம், உலகாயதம். மறுவுலகத்தை மறுக்கும் உலகாயதத்தை அவர் வைத்த இடம், மற்றக் கலைகளுக்கெல்லாம் விளக்காக எரியும் கலைக்குள். ஒரே ‘இல்லை’, சித்தாந்தப் பட்டியலில் அது சமயம், இங்கே அது ஆய்வு முறை.

சரி, நூல்கள் போதும். ‘இல்லை’ என்று தலையசைக்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது?

2009இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் சாம் ஹாரிஸும் உடன் ஆய்வாளர்களும் 30 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்தார்கள். 15 பேர் ஆழ்ந்த கிறித்தவர்கள், 15 பேர் நம்பிக்கை அற்றவர்கள். வாக்கியங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். மெய், பொய் என்று பொத்தானை அழுத்த வேண்டும். சில வாக்கியங்கள் மதம் பற்றியவை, சில சாதாரண உலகச் செய்திகள். ஒரு வாக்கியத்தை மெய் என்று ஏற்கும்போது, நெற்றிக்குப் பின்னால் மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய அடிப்பகுதியில் குருதி ஓட்டக் குறிகை கூடியது. நம் விருப்பு வெறுப்போடும் ‘நான்’ என்ற உணர்வோடும் தொடர்புள்ள பகுதி அது. இரு கூட்டத்தாரிடமும் அப்படியே. கடவுள் மெய் என்று கிறித்தவர் ஏற்றபோதும், கடவுள் கற்பனை என்பதை மெய் என்று மற்றவர் ஏற்றபோதும், மூளை கையெழுத்துப் போட்ட இடம் ஒன்றே. 14 பேரை வைத்து அதே குழு அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: பொய் என்று தள்ளுவதற்கு, மெய் என்று ஏற்பதைவிடச் சற்று அதிக நேரம் பிடித்தது. தள்ளும்போது மின்னிய பகுதிகளில் ஒன்று முன் இன்சுலா. கசப்பையும் அருவருப்பையும் உணரும்போதும் அந்தப் பகுதி வேலை செய்கிறது.

ஹாரிஸ் பெயர் பெற்ற நாத்திக எழுத்தாளர் என்பதையும், முப்பது பேர் என்பது சிறிய எண் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் பாணினியின் ‘மதி’க்கு அந்தக் கருவியில் ஒரு சாட்சி கிடைத்ததாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். ‘இல்லை’ என்பது மூளையில் வெற்றிடமாக இல்லை. அது ஒரு செயல், அதற்கு நேரம் ஆகிறது, உழைப்பு ஆகிறது. இதிலிருந்து நாத்திகமும் பக்தியும் ஒன்றே என்று தாவிவிடக் கூடாது. இரண்டும் இரண்டும் நான்கு என்று ஏற்கும்போதும் மூளை அங்கேதான் கையெழுத்திடுகிறது.

2014இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மர்யானா லிண்டமன் குழுவினர் வெளியிட்ட சோதனை இதைவிட நெருக்கமாகத் தொடுகிறது. நம்புகிறவர்களையும் நம்பாதவர்களையும் சில வாக்கியங்களை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள்: என் பெற்றோர் நீரில் மூழ்கட்டும், முடிந்தால் செய்துகாட்டு என்று கடவுளுக்குச் சவால் விடும் வகையிலான வாக்கியங்கள். விரல்களில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்தன. பதற்றத்தில் தோல் எவ்வளவு வியர்க்கிறது என்று அவை காட்டும். நம்பாதவர்கள், தங்களை அது அவ்வளவாகப் பாதிக்கவில்லை என்று வாயால் சொன்னார்கள். அவர்களுடைய தோல், பக்தர்களின் தோலைப் போலவே வியர்த்தது. வாக்கியத்தின் கொடுமைதான் காரணமோ என்று பார்க்க, கடவுளை எடுத்துவிட்டு அதே கெடுதலை வெறும் விருப்பமாக வைத்தும் படிக்கச் சொன்னார்கள். கடவுள் இருந்த வாக்கியத்துக்கே நாத்திகர்களின் தோல் அதிகம் வியர்த்தது.

இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நான் கடவுளை ஏற்பவன் அல்லன். முப்பது ஆண்டுகளாக. ஆனாலும் என் அம்மாவின் பெயரை வைத்து அப்படி ஒரு சவாலைச் சொல்ல என் நாக்கு எழாது. உள்ளே ஒளிந்திருக்கும் பக்தி என்று இதைப் பார்க்க நான் தயாரில்லை. முடிவு ஒரு நாளில் மாறும். உடம்பு கற்றது மெல்லத்தான் மாறும். சாமுண்டி மலைப் படிகள் ஆயிரத்துக்கும் மேல். வேண்டுதல் உள்ள பெண்கள் ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்து ஏறுவார்கள். என் அம்மா ஏறியபோது குங்குமச் சிமிழைப் பிடித்துக்கொண்டு ஒரு படி பின்னால் போனவன் நான். நந்தி வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை. விரல் நுனி சிவந்து, பிறகு படியின் கருங்கல் தேய்த்து வெளுத்தது. இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குனிவார். சாமி உண்டு என்று எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அந்த முதுகு நடத்தியது.

மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் 2009இல் எழுதிய கருத்து இதுதான். பெரியவர்கள் சொல்வதைவிட, சொன்னதற்காக எதை இழக்கிறார்கள், எதைத் தாங்குகிறார்கள் என்பதைப் பார்த்தே பிள்ளைகள் நம்பக் கற்கிறார்கள். ஆராய்ந்து சிந்திக்கத் தூண்டினாலே நம்பிக்கை குறையும் என்று 2012இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு வேறு ஆய்வாளர்கள் அதிலிருந்த ஒரு சோதனையைத் திருப்பிச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான வில் ஜெர்வைஸ், 2021இல் சக ஆய்வாளர்களோடு அமெரிக்க மக்களிடம் நடத்திய விரிவான ஆய்வில் கண்டது வேறு: ஒருவர் நம்பாதவராக வளர்வதை எல்லாவற்றையும்விட அதிகமாக முன்னறிவித்தது, பெரியவர்கள் தம் நம்பிக்கைக்காக இழப்பதையும் தாங்குவதையும் குழந்தைப் பருவத்தில் அருகிருந்து பார்க்காமையே. சிந்தனை முறைக்கு அதற்குப் பின்னால்தான் இடம். பகுத்தறிவின் பக்கம் நிற்கும் எனக்கு இது இனிப்பான செய்தி இல்லை. ஆனால் இதை மறைத்துவிட்டுப் பகுத்தறிவு பேச முடியாது.

தமிழ்நாட்டில் கதை இன்னொரு சுற்றும் போனது. சுயமரியாதை வீடுகளில் வேண்டுமென்றே இராகு காலத்தில் திருமணம் வைத்தார்கள். புரோகிதர் இல்லாத அந்தத் திருமணங்களுக்குச் சட்டம் 1967இல்தான் கைகொடுத்தது. அதுவரை சொத்துரிமை வழக்குகளில் அவர்கள் பட்ட பாடு சிறிதல்ல. மாலையை மட்டும் மாற்றிக்கொண்ட பெற்றோர் அதற்காக ஊர் உறவை இழந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, அதுவும் ஒரு முதுகு குனிந்த பாடம்தான். அங்கே நாத்திகத்துக்குச் சடங்கு உண்டு, விழா உண்டு, தியாகிகள் உண்டு. நம்பிக்கையின் உடம்பு முழுவதும் அதற்கு வந்துவிட்டது. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. உடம்பு இல்லாத கருத்து ஒரு தலைமுறையைத் தாண்டாது.

சட்டமும் இந்த உடம்பை அறிந்தே வைத்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பதவி ஏற்பவருக்கு இரண்டு வழி: கடவுள் பெயரால் ஆணையிடலாம், இல்லை என்றால் உளமார உறுதி கூறலாம். பிராட்லா 1880இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி, 1886வரை இருக்கையில் நிலைக்க முடியாமல் போராடியது இந்த இரண்டாம் வாக்கியத்துக்காகத்தான். ‘கடவுள் பெயரால் இல்லை’ என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை. ‘உளமார’ என்கிறது. கடவுளை எடுத்துவிட்ட இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டியிருக்கிறது.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற கட்டத்தில் நாத்திகர் என்று சொல்லிப் பதிந்துகொண்டவர்கள் இந்தியா முழுவதும் 33,304 பேர். அரசு அவர்களைப் ‘பிற மதங்களும் கொள்கைகளும்’ என்ற தலைப்பின் கீழ் எண்ணியது. அருணந்தி சிவாசாரியார் பார்த்திருந்தால் வியந்திருக்க மாட்டார். மதத்தைக் குறிப்பிடாமல் விட்டவர்கள் சுமார் 28.7 லட்சம் பேர். ஒன்று ‘இல்லை’ என்று எழுதிய கட்டம், மற்றது எழுதாத கட்டம். இரண்டையும் குழப்பாமல் தனித்தனியாகக் கூட்டி வைத்த எழுத்தர்களுக்கு, தங்கள் கையில் மீமாம்சகர்களின் பழைய வழக்கு ஒன்று இருந்தது தெரிந்திருக்காது.

அடுத்த கணக்கெடுப்பு 2027இல். வீட்டில் அம்மா தன் பதிலைச் சொல்வார். என் வரிசை வரும்போது கட்டத்தைக் காலியாக விடச் சொல்ல மாட்டேன். கயிற்றை நான் நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். பார்த்ததை எழுதச் சொல்வேன். ‘எந்தக் கடவுள் இல்லை?’ என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தால் அதையும் நிரப்புவேன், கொஞ்சம் நேரம் ஆகும்.